அடங்கிய துடிப்பும் அயராத கண்காணிப்பும்

உங்கள் வலக்கையின் இரு விரல்களை இடது மணிக்கட்டில், கட்டை விரலுக்கு நேர்கீழே, சற்றே அழுத்தி வைத்துப் பாருங்கள். ஒரு துடிப்பு, சிறு இடைவெளி, மீண்டும் ஒரு துடிப்பு. கடிகாரத்தின் முள் போல ஒழுங்காக இது நடந்துகொண்டிருந்தால், உங்கள் இதயத்தின் தாளம் சீராக உள்ளது என்று பொதுவாகக் கொள்ளலாம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் தடவை துடிக்கும் இந்தத் தசைப் பையை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. அது தாளம் தவறும்போதுதான் நினைக்கிறோம்.

அவ்வாறு தாளம் தவறிய இதயங்களைச் சீர்ப்படுத்த, 'கதீட்டர் அப்லேஷன்' என்னும் சிகிச்சை இன்று நம் நாட்டுப் பெருநகர மருத்துவமனைகளிலும் செய்யப்பட்டு வருகிறது. உங்கள் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ ஒருவர் இச்சிகிச்சை பெற்று வந்திருக்கலாம். வீடு திரும்பியவரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, "இப்போது படபடப்பு இல்லையே?" என்பதுதான். "இல்லை" என்று அவர் சொன்னதும், நோய் நீங்கியது என்று மகிழ்ந்து விடுகிறோம். அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பலாமா? இதயத்தின் தாளத்தைத் தொலைவிலிருந்தே கண்காணிக்கும் முறைகள் ஏன் தோன்றின? அவற்றைக் கொண்டு நாம் செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன? இவற்றை இங்கே காண்போம்.

தாளம் தவறுவது எப்படி?

இதயத்தில் மேலறைகள் இரண்டு, கீழறைகள் இரண்டு. வலது மேலறையின் உச்சியில் உள்ள சிறு திசுத் திரள் ஒன்று மின் துடிப்பை எழுப்புகிறது. அத்துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவில் உள்ள ஒரு வாயிலில் கணநேரம் தாமதித்து, கீழறைகளை அடைகிறது. மேலறைகள் முதலில் சுருங்க, கீழறைகள் பின்னர் சுருங்குகின்றன. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு.

'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்னும் கோளாறில் இந்த ஒழுங்கு குலைகிறது. மேலறைகளில் நிமிடத்துக்கு 350க்கும் மேற்பட்ட மின் அலைகள் முறையின்றிச் சுழல்கின்றன. மேலறைகள் சுருங்குவதற்குப் பதிலாக நடுங்குகின்றன. நாடியும் ஒழுங்கற்றுத் துள்ளுகிறது. சிலருக்குப் படபடப்பும் மூச்சு வாங்குதலும் களைப்பும் ஏற்படும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது.

ஆபத்து எங்கே இருக்கிறது? நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்குகிறது. தேங்கிய இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி பெயர்ந்து மூளையின் இரத்தக் குழாயை அடைத்தால் பக்கவாதம். இக்கோளாறு உடையவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு அதிகம். ஆதலால் இதனை வெறும் படபடப்பு என்று ஒதுக்கிவிட இயலாது.

கத்தியின்றி இதயத்துக்குள்

அப்லேஷன் சிகிச்சையில் மார்பைத் திறப்பதில்லை. தொடை இடுக்கில் உள்ள சிரையின் வழியே மெல்லிய குழாய்களைச் செலுத்தி இதயத்தை அடைகிறார்கள். தவறான மின் துடிப்பு எழும் இடத்தை, அல்லது அது பரவும் பாதையைக் கண்டறிந்து, அங்கே வெப்பத்தாலோ கடுங்குளிராலோ சிறு வடுக்களை உண்டாக்குகிறார்கள். வடுவான திசுவின் வழியே மின்சாரம் பாயாது. மிகக் குறுகிய மின் அதிர்வுகளைக் கொண்டு இதனைச் செய்யும் புதிய முறைக்கு அமெரிக்காவில் 2023 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது.

மனிதர்களுக்குக் கதீட்டர் வழியே இவ்வாறு சிகிச்சை அளித்ததை, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர மருத்துவர் மெல்வின் ஷைன்மன் 1982ஆம் ஆண்டு வெளியிட்டார். ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு இச்சிகிச்சை பெருவழக்காக மாறியது, பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் மிஷேல் ஐசாகேர் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின்னரே. இக்கோளாறைத் தூண்டிவிடும் துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாய்ப்பகுதியில் எழுகின்றன என்பதே அவர்கள் கண்ட உண்மை. நுரையீரலிலிருந்து தூய இரத்தத்தை இடது மேலறைக்குக் கொண்டுவரும் சிரைகள் அவை. அவற்றின் வாயைச் சுற்றி வேலி போல வடுவிட்டால், அங்கே எழும் கலகம் மேலறைக்குள் பரவாது.

இந்த இடத்தில் ஒருவரை நினைவுகூர்வது பொருத்தமாகும். வலது கீழறையின் இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, நுரையீரல் சிரை வழியே இதயத்தின் இடப்புறம் வந்து சேர்கிறது என்பதைப் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் இப்னு அந்நஃபீஸ். டமாஸ்கஸில் கற்று கெய்ரோவில் மருத்துவராகப் பணியாற்றி, 1288இல் மறைந்த மேதை அவர். இப்னு சீனாவின் மருத்துவ நூலுக்கு அவர் எழுதிய விளக்கவுரை, பெர்லினில் இருந்த கையெழுத்துப் பிரதியின் மூலம் 1924ஆம் ஆண்டில்தான் மீண்டும் உலகின் கவனத்துக்கு வந்தது. இன்று கதீட்டர் சென்று தொடும் சிரைகளின் பணியை, நுண்ணோக்கியே இல்லாத காலத்தில் அவர் அறிந்திருந்தார்.

முதல் இரண்டு திங்கள்

சிகிச்சை முடிந்ததும் இதயம் அமைதி அடைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புதிய வடுக்கள் வீங்கியும் சிவந்தும் இருக்கும். அவை ஆறி உறுதிப்படச் சில வாரங்கள் ஆகும். அதுவரையில் படபடப்பு வந்து போவது பலருக்கும் நேர்வதே. இக்காலத்தில் தோன்றும் தாளக் கோளாறைச் சிகிச்சையின் தோல்வியாக மருத்துவர்கள் கணக்கிடுவதில்லை. முன்பு 3 மாதங்கள் என்று வைத்திருந்த இந்தத் தவணையை, 2024இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் அறிக்கை 8 வாரங்களாகக் குறைத்திருக்கிறது.

மேலும் ஒன்று: ஓய்வில் இருக்கும்போது உள்ள நாடித் துடிப்பு, சிகிச்சைக்கு முன் இருந்ததைவிடச் சற்று உயர்ந்து, சில மாதங்கள் அவ்வாறே நிற்பதும் உண்டு. இதயத்தைச் சுற்றியுள்ள நுண் நரம்புகள் வெப்பத்தாலோ குளிராலோ பாதிக்கப்படுவதே இதற்குக் காரணம். பெரும்பாலும் இதனால் தீங்கில்லை. 65 என்று இருந்தது 78 ஆகிவிட்டதே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து உறக்கத்தைக் கெடுத்துக் கொள்ளாதீர்கள். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது சொல்லுங்கள்.

உணர்வு ஒரு நம்பகமான சாட்சியா?

இக்கட்டுரையின் மையக் கருத்து இதுதான். அப்லேஷன் செய்துகொண்டவரின் உணர்வு, அவருடைய இதயத்தின் நிலையை முழுமையாகச் சொல்வதில்லை.

2013இல் வெளியான 'டிஸ்செர்ன் ஏ.எஃப்.' என்னும் ஆய்வில், 50 நோயாளிகளின் மார்புத் தோலுக்கடியில் சிறு பதிவுக் கருவிகள் பொருத்தப்பட்டன. அப்லேஷனுக்கு முன்பும் பின்பும் பதிவுகள் ஒப்பிடப்பட்டன. சிகிச்சைக்கு முன், நோயாளி உணர்ந்த ஒவ்வொரு கோளாறுக்கும் உணராத கோளாறு ஏறத்தாழ ஒன்று என்ற விகிதம் இருந்தது. சிகிச்சைக்குப் பின் அது ஒன்றுக்கு 3.7 என உயர்ந்தது. அதாவது, கோளாறுகளின் மொத்த அளவு குறைந்தது. ஆனால் எஞ்சியவற்றுள் பெரும்பகுதி ஓசையின்றி வந்து போயிற்று! "எனக்கு ஒன்றும் இல்லை" என்று அந்நோயாளி மனமறிந்து பொய் சொல்லவில்லை. அவருக்கே அது தெரியவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. கனடாவில் 346 நோயாளிகளுக்கு இத்தகைய கருவிகளைப் பொருத்தி நடத்தப்பட்ட 'சர்க்கா-டோஸ்' என்னும் ஆய்வு 2019இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள் ஒரு முறையேனும் தாளம் தவறியவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர். இதைக் கேட்டதும் மனம் தளர்கிறதல்லவா? ஆனால் அதே ஆய்வில், இதயம் தாளம் தவறி இருந்த மொத்த நேரம் 98 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. 30 நொடி நீடித்தாலே அதை 'மீட்சி' என்று எண்ணுவது ஆய்வாளர்களின் வழக்கம். நாட்கணக்கில் மேலறை நடுங்கிக் கிடந்த ஒருவருக்கு, ஓராண்டில் சில நிமிடங்கள் மட்டுமே கோளாறு வந்தால், அது தோல்வியாகுமா? ஆகாது.

எனவே, அமைதியைக் கண்டு அலட்சியமும் வேண்டாம். ஒரு படபடப்பைக் கண்டு அச்சமும் வேண்டாம். இவ்விரண்டுக்கும் நடுவே உண்மையைச் சொல்லப் பதிவு வேண்டும்.

தொலைவிலிருந்து கேட்கும் கலை

இதயத்தைத் தொலைவிலிருந்து கேட்பது புதுமை என்று நாம் நினைக்கிறோம். இ.சி.ஜி. கருவி தோன்றிய நாளிலேயே அதுவும் தோன்றிவிட்டது! ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் அக்கருவியை உருவாக்கியவர் வில்லெம் ஐந்தோவன். ஜாவாத் தீவின் செமராங் நகரில் 1860இல் பிறந்தவர் அவர். நோயாளி தம் கைகளையும் காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்திருக்க வேண்டும். ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் அக்கருவியை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல முடியவில்லை. ஆகவே 1905ஆம் ஆண்டில், சுமார் 1.5 கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே நோயாளியின் இதயத் துடிப்பைத் தம் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்துப் பதிவு செய்தார். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்தவர் நார்மன் ஹோல்ட்டர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்தவர். நடமாடும் மனிதனின் இதயத்தைப் பதிவு செய்ய அவர் 1940களின் இறுதியில் அமைத்த முதுகுச் சுமைக் கருவியின் எடை சுமார் 38 கிலோ! அது சுருங்கிச் சுருங்கி, இன்று இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறு பெட்டியாகி விட்டது. 24 அல்லது 48 மணி நேரத் துடிப்பைப் பதிவு செய்யும் அதற்கு இன்றும் 'ஹோல்ட்டர்' என்றே பெயர்.

அப்லேஷனுக்குப் பின் இன்று பயன்படுபவை பல. மார்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை 14 நாட்கள் வரை தொடர்ந்து பதிவு செய்யும். தோலுக்கடியில் வைக்கும் கருவிகளுள் ஒரு வகை, சுமார் 4.5 சென்டிமீட்டர் நீளமும் 2.5 கிராம் எடையும் மட்டுமே உடையது. அது ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் இதயத்தைக் கவனித்து, கோளாறு நேர்ந்த பகுதிகளைச் சேமித்து, படுக்கையருகே உள்ள பெட்டி வழியாகவோ கைபேசி வழியாகவோ மருத்துவமனைக்கு அனுப்புகிறது. விலை மிகுதி, ஆதலால் எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை.

விரல்களை வைத்தால் அரை நிமிடத்தில் இ.சி.ஜி. எடுக்கும் சிறு தகடுகளும், 2018 முதல் அவ்வசதியோடு வரும் கைக்கடிகாரங்களும் உள்ளன. கைபேசியின் கேமராவில் விரலை வைத்தாலே, தோலுக்கடியில் இரத்தம் ஏறி இறங்குவதை ஒளியால் அளந்து நாடியின் ஒழுங்கைச் சொல்லும் முறையும் உண்டு. கொரோனா பரவிய 2020இல், நோயாளிகள் மருத்துவமனைக்கு வர இயலாதபோது, ஹாலந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர மருத்துவர்கள் இம்முறையையே கையாண்டனர். தொலைபேசி ஆலோசனைக்கு முந்திய 7 நாட்களும், நாளுக்கு 3 முறை நோயாளி தம் விரலை வைத்துப் பதிவு செய்தார். மருத்துவர் அதைப் பார்த்தபின் பேசினார்.

கருவி சொல்லாதவை

கருவி நல்ல ஊழியன். ஆனால் அதன் எல்லையை அறிந்துகொள்ளுங்கள்.

முதலாவதாக, ஒழுங்கான துடிப்பெல்லாம் நலமான துடிப்பு அன்று. அப்லேஷனுக்குப் பின் சிலருக்கு 'ஏட்ரியல் ஃப்ளட்டர்' போன்ற வேறொரு கோளாறு தோன்றுவதுண்டு. அதில் மேலறை வேகமாகச் சுழன்றாலும், கீழறை ஒரே சீராக நிமிடத்துக்கு 150 என்ற அளவில் துடிக்கலாம். ஒழுங்கின்மையைத் தேடும் கைக்கடிகாரம் இதைக் கோட்டை விடக்கூடும். அமர்ந்து ஓய்வாக இருக்கும்போது, நாடி அரை மணி நேரத்துக்கு மேல் 150ஐ ஒட்டி அசையாமல் நின்றால், கடிகாரம் 'கோளாறு இல்லை' என்று காட்டினாலும் மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

இரண்டாவதாக, கைக்கடிகாரம் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சுவலி வந்தவரின் கையில் கடிகாரத்தைக் கட்டி, "ஒன்றுமில்லை என்று காட்டுகிறதே" என்று காலம் கடத்துவது உயிருக்கு உலை வைக்கும்.

மூன்றாவதாக, நீங்கள் அனுப்பும் பதிவை மருத்துவமனையில் ஒருவர் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலான இடங்களில் பணி நேரத்தில்தான் பார்ப்பார்கள். பதிவு அனுப்பியாயிற்று, அவர்களே அழைப்பார்கள் என்று காத்திருப்பது ஆபத்து. யார் பார்ப்பார், எப்போது பார்ப்பார், அவசரமானால் எந்த எண்ணை அழைப்பது என்பவற்றை வீடு திரும்பும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

மாத்திரையை நிறுத்தலாமா?

இனி, மிகவும் கவலைக்குரிய செய்திக்கு வருவோம். படபடப்பு நின்று, கைக்கடிகாரமும் நல்லதே காட்டும்போது, "இனி எதற்கு இந்த மாத்திரை?" என்று இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைத் தாமாகவே நிறுத்தி விடுவோர் உள்ளனர். ஈறில் சிறிது இரத்தம் கசிந்தாலும், மாத விலை கூடினாலும் அந்த எண்ணம் வலுக்கிறது.

இதனைச் செய்யாதீர்கள். அப்லேஷனுக்குப் பின் குறைந்தது 2 முதல் 3 மாதங்கள் எல்லோரும் அம்மருந்தை உட்கொள்ள வேண்டும் என்பதே இன்றைய வழிகாட்டு நெறி. புதிய வடுக்களின் மேல் இரத்தம் உறையும் வாய்ப்பு அக்காலத்தில் மிகுதி. அதற்குப் பின்னரும் தொடர்வதா என்பதை, நோயாளியின் வயது, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயச் செயலிழப்பு, இரத்தக் குழாய் நோய், முன்பு பக்கவாதம் வந்ததா என்பவற்றை எடை போட்டே மருத்துவர் முடிவு செய்கிறார். தாளம் திரும்பிவிட்டது என்பது மட்டுமே மருந்தை நிறுத்தப் போதிய காரணம் ஆகாது. ஓசையின்றி வரும் கோளாறைப் பற்றி மேலே படித்தீர்கள் அல்லவா? பதிவுகள் மருத்துவருக்குத் துணை செய்யும், தீர்ப்பு அவருடையது.

நோன்பு நாட்களில்

நம் இல்லங்களில் ரமலான் வரும்போது எழும் ஐயம் இது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளுள் அபிக்ஸபான், டாபிகாட்ரான் ஆகியன நாளுக்கு இருமுறை உட்கொள்ள வேண்டியவை. ரிவராக்ஸபான் ஒருமுறை, உணவோடு சேர்த்து உட்கொள்ள வேண்டியது. ஸஹர், இஃப்தார் நேரங்களுக்கு இவற்றை எப்படி மாற்றுவது, நோன்பு நோற்பதே இவ்வாண்டு தகுமா என்பவற்றை, பிறை காண்பதற்குச் சில வாரங்கள் முன்னரே மருத்துவரிடம் கேளுங்கள். பகல் முழுதும் நீர் அருந்தாதிருப்பது, தாளக் கோளாறு உடையவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சிகிச்சை பெற்ற முதல் மாதங்களில் மேலும் எச்சரிக்கை வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளத் தயங்கும் பெரியவர்களுக்கு வீட்டார் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உடனே மருத்துவமனைக்கு!

பின்வரும் அறிகுறிகளுக்குக் கருவியை நாடாதீர்கள். நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தமிழகத்தில் 108 எண்ணை அழைக்கலாம்.

முகம் ஒருபுறம் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், மயக்கம், கடும் நெஞ்சுவலி அல்லது மூச்சுத் திணறல், தொடை இடுக்கில் குழாய் செலுத்திய இடம் வீங்குதல், அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காதிருத்தல்.

இன்னொன்றையும் வீட்டில் ஒருவராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். சிகிச்சை முடிந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி ஆகியன தோன்றினால், அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று கடை மாத்திரையால் அடக்காதீர்கள். இடது மேலறைக்குப் பின்னால்தான் உணவுக் குழாய் செல்கிறது. மிக அரிதாக அதுவும் புண்பட்டுத் துளை விழுவதுண்டு. அது உயிருக்கு ஆபத்தானது. எந்த மருத்துவரிடம் சென்றாலும், "இதயத்தில் அப்லேஷன் செய்திருக்கிறோம்" என்பதை முதல் சொல்லாகச் சொல்லுங்கள். ஏனெனில் உணவுக் குழாய்க்குள் கருவி செலுத்திப் பார்க்கும் சோதனையே அந்நிலையில் தீங்காகி விடலாம், முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே முறை.

வீட்டாரின் பங்கு

வாப்பாவின் இதயப் பதிவைத் துபாயிலோ சிங்கப்பூரிலோ உள்ள மகன் தன் கைபேசியில் பார்க்கும் காலம் இது. அன்பின் மிகுதியால், ஒவ்வொரு கோட்டுக்கும் அவர் தொலைபேசியில் அழைத்து விசாரித்தால், இங்கே முதியவரின் நெஞ்சு பதைக்கிறது. பதிவுகளைப் படிக்கும் வேலையை மருத்துவரிடம் விடுங்கள். வாப்பாவிடமோ உம்மாவிடமோ, மாத்திரை தவறாமல் போகிறதா என்று மட்டும் அன்றாடம் கேளுங்கள். அதைவிடப் பெரிய கண்காணிப்பு இல்லை.

ஒரு குறிப்பேடு வாங்கி வையுங்கள். நாள், நேரம், என்ன உணர்ந்தார், எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது நாடி எவ்வளவு, அவ்வேளை பதிவு எடுக்கப்பட்டதா என்று எழுதி வாருங்கள். படபடப்பு வந்த அந்த நேரத்திலேயே எடுத்த அரை நிமிடப் பதிவு, மறுநாள் நலமாக இருக்கும்போது மருத்துவமனையில் எடுக்கும் பதிவைவிடப் பயன் மிக்கது. ஒன்றும் உணராத நாட்களிலும், மருத்துவர் சொன்ன நேரத்தில் பதிவெடுக்கத் தவறாதீர்கள். பதிவுகளையும் குறிப்பேட்டையும் ஒருசேர மருத்துவர் முன் வையுங்கள். சிகிச்சையைத் தொடர்வதா, மருந்தைக் குறைப்பதா, மீண்டும் ஒருமுறை அப்லேஷன் தேவையா என்னும் முடிவுகளுக்கு அவ்விரண்டும் அடிப்படையாக அமையும்.